நாலரை மணிப் பசி: பிள்ளைகளை வீட்டிலேயே நல்ல தின்பண்டத்துக்குப் பழக்குவது எப்படி?

தின்பண்ட விஷயத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் பெற்றோர் பெரும்பாலும் சண்டையைத் தொடங்கும் நேரமே சரியில்லை. மாலை நாலரை மணி. மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அப்படியே டப்பாவில் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை, வேனை விட்டு இறங்கி நேராகச் சமையலறைக்குள் நுழைகிறது. அந்த நேரத்தில் "சிப்ஸ் வேண்டாம், ஆப்பிள் சாப்பிடு" என்றால் யார் கேட்பார்கள்? பெரியவர்களே கேட்க மாட்டோம். சிப்ஸ் எந்த அலமாரித் தட்டில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். ஆப்பிளை இனிமேல்தான் கழுவி நறுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பிள்ளை எதை எடுக்கும் என்பது மளிகை வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி, அந்த நாலரை மணிக்கு எது தயாராக, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிள்ளையைத் திருத்துவதைவிட அலமாரியைத் திருத்துவது சுலபம். எனவே அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

முதல் வேலை: பாக்கெட்டின் முதுகைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள எல்லாத் தின்பண்டப் பாக்கெட்டுகளையும் மேஜையில் பரப்புங்கள். முன்பக்கப் படங்களை விட்டுவிடுங்கள். கோதுமைக் கதிர், பால் குவளை, சிரிக்கும் குழந்தை எல்லாம் விளம்பரம். பின்பக்கத்தைத் திருப்பினால் சேர்மானப் பட்டியல் இருக்கும். எடையில் அதிகமாக உள்ள பொருள் முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் அதை அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் வந்துவிட்டால் அதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. 'பல தானிய' பிஸ்கட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்; கேழ்வரகும் ஓட்ஸும் பட்டியலின் வாலில் ஒன்றிரண்டு சதவீதமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று வரும் பெயர்களையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். கிரீம் பிஸ்கட்டில் 30 கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது இது: ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் மொத்தக் கலோரியில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பழச்சாற்றிலும் தேனிலும் உள்ள சர்க்கரைக்கும் இதே கணக்குதான். நாளைக்கு 1400 கலோரி அளவுக்குச் சாப்பிடும் சின்னப் பிள்ளைக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது சுமார் 17 கிராம். ஒரு கால் லிட்டர் கோலாவில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கணக்கு அங்கேயே முடிந்தது.

உப்புக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. பாக்கெட்டில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும்.

பாலில் கலக்கும் சாக்லேட் பொடிகளையும் இந்தப் பரப்பில் வையுங்கள். 'வளரும் பிள்ளைகளுக்கு' என்று சொல்லியே பல தலைமுறைக்கு விற்றாகிவிட்டது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் காட்டாதீர்கள் என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

படித்து முடித்ததும் எல்லாவற்றையும் குப்பையில் கொட்ட வேண்டாம். பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். இருப்பது தீரட்டும், அடுத்த மாத மளிகைச் சீட்டில் எழுதாதீர்கள். அவ்வளவுதான்.

யார் எதை முடிவு செய்வது

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு பாகப்பிரிவினை இருக்கிறது. என்ன தருவது, எப்போது தருவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இந்த மூன்றும் பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. "என்னடா வேணும்?" என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பிறகு "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று துரத்திக்கொண்டு போகிறோம்.

நேரத்தை முதலில் கட்டிப்போடுங்கள். பள்ளி நாளில் மாலை ஒரு முறை, விடுமுறையில் காலை பதினொரு மணிக்கும் மாலையிலும் என்று வைத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே தின்பண்டம் முடிந்துவிட வேண்டும். நடுவில் கேட்டால் தண்ணீரோ மோரோ போதும். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது. தட்டில் நல்ல பண்டம் வந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்து சாப்பிடட்டும், டிவியும் ஃபோனும் அணைந்திருக்கட்டும். இந்த ஒரு விதியில்தான் வீட்டில் அதிக எதிர்ப்பு வரும். பெரும்பாலும் அப்பாவிடமிருந்து.

இரண்டில் ஒன்று

"என்ன வேணும்?" என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். "சுண்டலா, அவிச்ச கடலையா?" என்று கேளுங்கள். இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானவை. எது வந்தாலும் தேர்ந்தெடுத்தது பிள்ளை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதில் கிடைக்கும் பெருமையே தனி. நாலைந்து சாய்ஸ் வைக்காதீர்கள், குழம்பிப்போய் "பிஸ்கட்" என்று முடித்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்கு இதையே அலமாரியில் செய்யலாம். சமையலறையில் பிள்ளையின் கை எட்டும் ஒரு தட்டை அதற்கென்று ஒதுக்கி, மூடி திறக்க எளிதான டப்பாக்களில் பொட்டுக்கடலை, பொரி, எள்ளுருண்டை, உலர் திராட்சை என்று வையுங்கள். மேஜையில் கழுவிய பழம் இருக்கட்டும். ஃபிரிட்ஜில் கண்ணுக்கு நேரான தட்டில் வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கியே இருக்கட்டும். நறுக்காத கேரட் காய்கறி. நறுக்கிய கேரட்தான் தின்பண்டம்.

வீட்டில் சிப்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். தெரியும்படி வைத்துவிட்டுத் தொடாதே என்பது ஆகாத வேலை. 1999-இல் அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷரும் லியான் பிர்ச்சும் பாலர் வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பண்டத்தைக் கண்முன்னே வைத்து எடுக்கவிடாமல் கட்டுப்படுத்தியபோது, பிள்ளைகளின் பேச்சும் கையும் அந்தப் பண்டத்தின் பக்கமே போயின. ஃபிரிட்ஜின்மேல் முறுக்கு டப்பா வைத்துப் பூட்டிய பாட்டிகளுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்திருக்கும்.

சரி, என்னதான் தருவது?

இங்கேதான் கொஞ்சம் உழைக்க வேண்டும். நல்ல செய்தி, நம் ஊர்த் தின்பண்டங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே நல்லவைதான். நவராத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

சுண்டலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். "அதுக்கெல்லாம் நேரம் எங்க?" என்பவர்கள் அதை ஒரே நாளில் செய்யப் பார்க்கிறார்கள். கொண்டைக்கடலையை சனிக்கிழமை இரவு ஊறப்போட்டு, ஞாயிறு காலை உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். நசுக்கினால் மசிய வேண்டும், தோல் உரிந்து குழையக் கூடாது. தண்ணீரை வடித்து (அந்தத் தண்ணீர் ரசத்துக்குப் போகட்டும்) ஆறவைத்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மாலையில் செய்ய வேண்டியது தாளிப்பு மட்டும்: கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, கொஞ்சம் தாராளமாகப் பெருங்காயம். காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டால் வாசம் வரும், காரம் வராது. தேங்காயை அன்றன்றைக்குத் துருவிப் போடுங்கள், முன்கூட்டியே போட்டால் ஊசிப்போகும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். ருசிக்கு மட்டும் இல்லை, பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. மாங்காய் கிடைக்கும் நாளில் துருவிப் போட்டால் எலுமிச்சையே வேண்டாம்.

பச்சைப்பயறுக்கு இரவு முழுக்க ஊறல்கூடத் தேவையில்லை, இரண்டு மணி நேரம் போதும். தட்டைப்பயறு, மொச்சை, பட்டாணி என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அலுக்காது.

அடுத்தது வேர்க்கடலை. தோலோடு உப்புப் போட்டு அவித்துக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தின்பண்டம் இல்லை. ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளே இரண்டு பருப்பா மூன்றா என்று பார்த்து, உப்புத் தண்ணீரை உறிஞ்சி, பிறகுதான் தின்ன முடியும். ஒரு கிண்ணம் காலியாக இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடும். பனங்கிழங்கும் அப்படித்தான். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துப்போட்டு, நாரை இழுத்து இழுத்துக் கடிப்பதிலேயே பொழுது போய்விடும். சிப்ஸ் பாக்கெட்டில் கைக்கு வேலையே கிடையாது, நேராக வாய்தான்.

மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும், கோடையில் நுங்கும், ஆடியில் நாவல்பழமும், புரட்டாசியை ஒட்டிச் சீதாப்பழமும் என்று பருவத்தோடு போனால் விலையும் கட்டுப்படும். கொய்யாவை ஏழைப் பழம் என்று ஒதுக்காதீர்கள், ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில்தான் இருக்கிறது. பள்ளி வாசலில் விற்பதுபோல நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் துளி தடவிக் கொடுங்கள். ஒரு சிட்டிகை உப்பு போனால் போகட்டும், கொய்யா உள்ளே போகிறதே.

கேழ்வரகை எப்படியாவது வாரத்துக்கு ஒரு நாள் நுழையுங்கள். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் வேறு நம்மிடம் இல்லை. முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்ட அடை, தேங்காய்ப்பூவோடு புட்டு, இரண்டும் மாலைக்குச் சரிப்படும். புளித்துப்போன இட்லி மாவு மிச்சமிருந்தால் அதில் இரண்டு கரண்டி கேழ்வரகு மாவு, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் கலந்து பணியாரச் சட்டியில் ஊற்றலாம். குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் போதும். உருண்டையாக இருக்கும் எதையும் பிள்ளைகள் நம்பிச் சாப்பிடும், ஏன் என்று கேட்காதீர்கள்.

வெல்லம் பற்றி ஒரு வார்த்தை. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டால் இனிப்பு கணக்கில் வராது என்று ஒரு நம்பிக்கை பரவிக்கிடக்கிறது. ருசி வேறு, மற்றபடி அதுவும் சர்க்கரைதான். எள்ளுருண்டையும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கிரீம் பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல், அதில் எள்ளும் கடலையும் இருப்பதால். ஆனால் ஒன்றோ இரண்டோதான், டப்பாவோடு கிடையாது.

சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. ஐந்து வயதுக்குள் முழு வேர்க்கடலை, முந்திரி, முழு திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கும். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியும் கொடுங்கள். கொண்டைக்கடலையையும் மசித்தே கொடுங்கள். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ தின்னக் கூடாது.

குடிக்கிறது

தண்ணீர், மோர், இளநீர், சர்க்கரை குறைந்த பால். இவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை. பழச்சாறு எவ்வளவு புதிதாகப் பிழிந்தாலும் நார் போய்விடுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரையில், இரண்டு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், ஐந்து வயதுவரை நாளைக்கு 125 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. டீ, காபியும் ஐந்து வயதுக்குள் கூடாது. பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை பழகிய பிள்ளைக்கு ஒரே நாளில் நிறுத்தினால் பாலையே விட்டுவிடும். வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்தால் அதற்குத் தெரியாது.

"எனக்குப் பிடிக்கலை" என்று சொன்னால்

சொல்லத்தான் செய்யும். இரண்டிலிருந்து ஆறு வயதுவரை புதுப் பண்டம் என்றாலே சந்தேகமாகப் பார்ப்பது இயல்பு. ஒரு புதுச் சுவை பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். நாம் இரண்டாம் முறையிலேயே "இவனுக்குப் பயறே ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பழக்கமான ஒன்றுக்குப் பக்கத்தில் புதியதை ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள். தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், அப்படியே விடலாம். நீங்கள் அதை எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

"சுண்டல் சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்" என்ற பேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். சுண்டல் கஷ்டம், சாக்லேட் பரிசு என்று நாமே பாடம் நடத்தியதாகிவிடும். அடம்பிடித்து அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த மிட்டாய் கொடுப்பதும் அதே பாடம்தான். தட்டைத் தள்ளிவிட்டால் "சரி, போதும்னா வச்சிடு" என்று எடுத்துவிடுங்கள். இரவுச் சாப்பாடு இரண்டு மணி நேரத்தில் வரப்போகிறது, ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எடுத்த கையோடு பிஸ்கட் நீட்டினால் எல்லாம் வீண்.

கூடவே வேலை கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை கறிவேப்பிலை உருவலாம், ஏழு வயதில் எலுமிச்சை பிழியலாம், பத்து வயதில் பக்கத்தில் நீங்கள் நிற்கப் பணியாரம் திருப்பலாம். தான் திருப்பிய பணியாரம் கருகியிருந்தாலும் அதுவே சாப்பிட்டுவிடும்.

தாத்தா, பாட்டி

வேலைக்குப் போகும் பெற்றோர் வீட்டில் நாலரை மணிக்குக் கதவைத் திறப்பது அவர்கள்தான். ஆகவே இந்த வழிகாட்டியை உண்மையில் நடத்தப்போவதும் அவர்கள்தான். "நாங்க வளர்க்காத பிள்ளையா?" என்ற கேள்வி வராமல் பேசுவது ஒரு கலை. விதி சொல்லாதீர்கள், வேலையை ஒப்படையுங்கள். "அத்தை, பயறு அவிச்சு வச்சிருக்கேன், நீங்க தாளிச்சுக் கொடுத்தாத்தான் இவ சாப்பிடுறா" என்றால் பெரும்பாலும் நடந்துவிடும். பொரிவிளங்காய் உருண்டை, கம்பு அடை எல்லாம் அவர்கள் கைப்பக்குவம்தான், கேட்டால் சந்தோஷமாகவே செய்வார்கள். தாத்தா தெருமுனைக் கடைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அங்கே போய் வாங்குவது வாழைப்பழமாகவோ கடலைமிட்டாயாகவோ இருக்கட்டும் என்று மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தின்பது

பிறந்தநாள் கேக்கும் தீபாவளிப் பலகாரமும் கல்யாண வீட்டு ஐஸ்கிரீமும் பற்றிக் கவலையே படாதீர்கள். அவை விசேஷம். கணக்கில் எடுக்க வேண்டியது செவ்வாய்க்கிழமை மாலையைத்தான். பள்ளி கேன்டீனில் கோலாவும் சிப்ஸும் விற்றால் சக பெற்றோரோடு போய்க் கேட்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறைப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது.

எப்போது டாக்டரிடம் போவது

தின்பண்டத்தில் அடம்பிடிப்பது வேறு, சாப்பாடே இறங்காதது வேறு. எடை கூடாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, எந்நேரமும் சோர்ந்து கிடந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பச்சரிசி, சாக்பீஸ், மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று எடுத்துத் தின்னும் பிள்ளையைத் திட்டாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவில் அப்படி வரும், ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள், அன்றைக்கு லீவு போட்டிருந்தால் விடுபட்டோருக்கான நாளில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம், பிள்ளை எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது, எவ்வளவு பால் குடித்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்திலாவது குறித்துக்கொண்டு போங்கள். "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது டாக்டர்" என்பதைவிட அந்தச் சீட்டு அவருக்கு அதிகம் உதவும்.